எழில் நிரல்மொழியில் ‘வரை’ என்னும் சொல்

ஒரே கட்டளைத் தொகுதியை மீண்டும் மீண்டும் இயக்கும் அமைப்பினைக் கணினியியலார் ‘மடக்கு’ என வழங்குவர். அணியிலக்கணம் பயின்றார்க்கு இச்சொல் புதிதன்று. ஆங்கு வந்த எழுத்துத் தொடரே மீண்டும் வந்து வேறு பொருள் தரும். ஈண்டு வந்த கட்டளையே மீண்டும் வந்து வேறு மதிப்பின்மேல் தொழிற்படும். 1957 இல் வெளிவந்த ஃபார்ட்ரான் மொழியிலேயே மடக்கு உண்டு. ஆயினும், நிரல்மொழிகளில் அதனை ஏவும் சொற்கள் பெரும்பாலும் ஆங்கிலமே. முத்தையா அண்ணாமலை 2009 இல் ஆய்வுக் கட்டுரை வாயிலாக விளக்கிய ‘எழில்’ அவற்றைத் தமிழில் அமைத்தது.

எழிலில் நிபந்தனை முன்னும் ‘வரை’ பின்னும் நிற்கும். மடக்கின் உடல் ‘முடி’ என்பதனோடு நிறைவுறும். ஏவற்சொல்லை முன்வைக்கும் ஆங்கிலவழி மொழிகளினின்றும் வேறுபட்ட இம்முறை தமிழ்த் தொடரமைப்புக்கு இயைந்ததே. ஐயம் எழுவது சொல்லின் பொருளில்.

இராயபுரத்தை அடுத்த சென்னைத் துறைமுகத்தில் ஒருவர், ‘மழை பெய்யும் வரை காத்திருங்கள்’ என்கின்றார் எனக் கொள்வோம். பெய்யத் தொடங்குங்காறுமா, பெய்துகொண்டிருக்கும் அளவுமா? இடம் நோக்கி மக்கள் உணர்வர். கணினிக்கு அவ்வுணர்வு இல்லை. எழிலின் ‘வரை’ நிபந்தனை உண்மையாக இருக்கும் அளவும் மடக்கை ஓட்டும். தொடக்கத்திலேயே அது பொய்யாயின் ஒருமுறையும் ஓட்டாது. இதனை ‘உண்மையாகும் வரை’ எனக் கொள்ளும் மாணவர் எழுதும் நிரல் நேர்மாறாக இயங்கும்.

எனின், சொல் பிழையோ? அன்று என்பதே எம் கருத்து. ‘வரும் வரை’ என்புழிப் பெயரெச்சம் நிகழ்ச்சியைச் சுட்டலின், ‘வரை’ அந்நிகழ்ச்சியையே எல்லையாக்குகின்றது. ‘உயிர் உள்ள வரை’ என்புழி நிலையைச் சுட்டலின், அந்நிலையின் இறுதியை எல்லையாக்குகின்றது. ‘பெய்யும்’ இரண்டிற்கும் இடந்தருதலின் மயக்கம் விளைந்தது. நிரலின் நிபந்தனையோ நிகழ்ச்சியன்று; நிலை. ‘பெட்டகம் > 0’ என்பதனைப் ‘பெட்டகம் உள்ள வரை’ என விரித்துணர்க. ‘உள்ளவரை’ என்றே ஏவற்சொல்லை அமைத்திருப்பின் இவ்விளக்கமும் வேண்டாவாம்.

மடக்கைக் கட்டுப்படுத்தும் ஏவல்கள் ‘நிறுத்து’, ‘தொடர்’ என இரண்டு. 1983 முதல் அத்துறைமுகத்தில் இயங்கும் சரக்குப் பெட்டக முனையத்தை எண்ணுக. பாரந்தூக்கி, கப்பலிலுள்ள பெட்டகங்களை ஒவ்வொன்றாக அணுகுகின்றது. வேறு துறைக்குரிய பெட்டகத்தைத் தொடாது அடுத்ததற்குச் செல்லுதல் ‘தொடர்’. பெருங்காற்று எழுந்துழி, பெட்டகங்கள் எஞ்சியிருப்பினும் பணியையே கைவிடுதல் ‘நிறுத்து’.

இவற்றுள் ‘நிறுத்து’ தெளிவானது. ‘தொடர்’ அத்தகையதன்று. தொடர்வது மடக்கின் அடுத்த சுற்றே. நடப்புச் சுற்றில் எஞ்சிய கட்டளைகள் கைவிடப்படுகின்றன. ஆங்கிலச் சொல்லிலுள்ள இம்மயக்கம் பெயர்ப்பிலும் உடன்வந்தது. இது வெறுஞ் சொல்லாராய்ச்சி அன்று. இன்னும் நோக்கவேண்டிய பெட்டகங்களின் எண்ணை ஒன்று குறைக்கும் கட்டளையை மாணவர் ‘தொடர்’ என்பதன் பின் வைத்துவிட்டால், வேறு துறைக்குரிய பெட்டகம் எதிர்ப்பட்ட சுற்றில் அக்கட்டளை நிறைவேறாது. எண் குறையாமையின் நிபந்தனை என்றும் உண்மையாகவே நிற்கும். பாரந்தூக்கி அந்த ஒரு பெட்டகத்தையே ஓயாது நோக்கிக்கொண்டிருக்கும்.