ஒரு மாட்டுண்ணியின் முகவரி: கொல்லிமலையிலிருந்து ஒரு வாதம்

பால் கறக்க உட்காரும் பெண்ணின் கை முதலில் மாட்டின் மடியைத் தடவிப் பார்க்கிறது. மடிக்கும் தொடைக்கும் நடுவே உள்ள இடுக்கு, அலைதாடி, வாலடி, காது மடலின் உட்புறம் என்று தேடி, அகப்பட்டதைக் கிள்ளி எடுத்து மண்ணெண்ணெய் ஊற்றிய கொட்டாங்குச்சியில் போடுகிறார். இரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி ஆமணக்குக் கொட்டையை அப்படியே உரித்து வைத்தாற்போல இருக்கும். ஆமணக்குக்கு லின்னேயஸ் வைத்த ‘ரிசினஸ்’ என்ற லத்தீன் பெயருக்கே உண்ணி என்றுதான் பொருள். கொட்டாங்குச்சியில் கிடக்கும் அத்தனைக்கும் கொல்லிமலையில் ஒரே பெயர்தான்: உண்ணி. விலங்கியலுக்கு இந்த ஒற்றைப் பெயர் போதாது. மாடு வளர்ப்பவருக்கும் போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தமிழகத்து மாடுகளில் பரவலாகக் காணப்படும் ரைப்பிசெபாலஸ் மைக்ரோபிளஸ் என்ற உண்ணியின் பெயர் வரலாறு வளைந்து நெளிந்து செல்வது. இத்தாலிய விலங்கியலாளர் கானெஸ்ட்ரினி 1888இல் இதை முதலில் விவரித்தபோது அவர் கையில் இருந்தவை தென் அமெரிக்க மாதிரிகள். அவர் இதைச் சேர்த்த பேரினம் ஹீமஃபைசாலிஸ். தெற்காசியாவைத் தாயகமாகக் கொண்டதென்று பரவலாகக் கருதப்படும் உயிரி, கப்பலேறிப் போன இடத்தில் பெயர் பெற்றது. 1891இல் கர்ட்டிஸ் அமைத்த பூஃபிலஸ் என்ற பேரினத்துக்குள் அது பின்னர் வந்து சேர்ந்தது. ஷரீஃப் 1928இல் இந்திய உண்ணிகளை முழுமையாக மறுஆய்வு செய்தார். 2003இல் ஆய்வாளர்கள் மரெலும் பார்க்கரும் பூஃபிலஸ் பேரினத்தை ரைப்பிசெபாலஸுடன் இணைத்தார்கள். 2012இல் ஆஸ்திரேலிய உண்ணி ‘ஆஸ்ட்ராலிஸ்’ என்ற தனிச் சிற்றினமாக மீட்கப்பட்டது. 2014இல் வெளியான மைட்டோகாண்ட்ரிய மரபணு ஒப்பீடு இன்னும் பெரிய சிக்கலைக் காட்டியது: மைக்ரோபிளஸ் என்று எழுதப்பட்டவற்றில் ஒரு கிளை, தன் பெயரைப் பகிரும் கிளையைவிட அனுலேட்டஸ் என்ற வேறு சிற்றினத்துக்கே நெருக்கமாக இருந்தது. அடுத்து மலேசிய, இந்திய மாதிரிகளிலிருந்து மூன்றாவது கிளையும் பிரிக்கப்பட்டது.

இந்த அனுலேட்டஸ் நமக்குத் தொலைவில் இல்லை. கேரளத்து மாடுகளில் மிகுதியாகப் பதிவாகியிருப்பது அதுதான். அமெரிக்காவில் 1893இல் ஆய்வாளர்கள் ஸ்மித்தும் கில்போர்னும் டெக்சஸ் காய்ச்சல் என்ற மாட்டு நோயைப் பரப்புவதாக மெய்ப்பித்ததும் அதே உண்ணியைத்தான். கணுக்காலி ஒன்று பாலூட்டிக்கு நோய் கடத்துகிறது என்பதற்குக் கிடைத்த முதல் திட்டமான சான்று அது. நாமக்கல்லை அடுத்த புதன்சந்தை மாட்டுச் சந்தைக்குக் கேரள வியாபாரிகள் வருகிறார்கள். இரு மாநில மாடுகளும் ஒரே பாதையில் நடமாடும்போது, உண்ணியின் பரவலை மாவட்ட எல்லைக்குள் புள்ளி வைத்துக் காட்டும் வரைபடம் பாதி உண்மையைத்தான் சொல்லும்.

காரணம் உண்ணியின் வாழ்முறையிலேயே இருக்கிறது. மைக்ரோபிளஸ் ஒற்றை ஓம்புயிரி உண்ணி, அதாவது ஒரே விலங்கின் உடலில் வாழ்வது. ஆறு கால் குஞ்சாகப் புல் நுனியிலிருந்து மாட்டில் ஏறியதும், தோலுரித்து எட்டுக்கால் இளம் உண்ணியாகி, முதிர்ந்து, புணர்ந்து, இரத்தம் நிரம்பிக் கீழே விழும்வரை ஏறக்குறைய மூன்று வாரம் அதே மாட்டின் மேல்தான் வாழ்கிறது. விழுந்த பெண் 2,000க்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டுவிட்டு மடியும். அந்த மூன்று வாரத்தில் மாடு எங்கே போகிறதோ அங்கே உண்ணியும் போகும். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சரக்கு வண்டியில் கொல்லிமலைக்கு ஏறி வரும் கலப்பினக் கறவை, தன் மடியிடுக்கில் சமவெளியின் உண்ணித் தொகையையும் சேர்த்தே கொண்டுவருகிறது. 1872இல் டார்வின் துறைமுகத்தில் இறங்கிய மாடுகளோடு உண்ணி ஆஸ்திரேலியாவுக்குள் புகுந்ததாகச் சொல்லப்படும் கதையும் இதே கதைதான், அளவுதான் வேறு.

ஆகவே களப் பதிவில் ‘ஓம்புயிரி: மாடு’ என்று எழுதி நிறுத்துவது சரியல்ல. திமில் உள்ள நாட்டு மாடுகள் இந்த உண்ணியை ஓரளவு எதிர்த்து நிற்பவை. ஜெர்சிக் கலப்பினத்தில் சுமை கூடும். உண்ணி பரப்பும் பபீசியா, அனாபிளாஸ்மா கிருமிகளின் தாக்குதலும் கலப்பினத்தையே கடுமையாக வாட்டும். எருமையிலும் ஆட்டிலும் கிடைத்தாலும் அவை இதன் முதன்மை இருப்பிடம் அல்ல. காட்டு விலங்குகளை விட்டுவிடவும் கூடாது: இந்தியாவைத் தாயகமாகக் கொண்ட நீலமான்கள் டெக்சஸின் தெற்கே மாட்டுண்ணியைச் சுமந்து திரிவதால், 1943இல் முடிந்த ஒழிப்பு இயக்கத்தின் பயன் அங்கே இன்றும் ஆட்டம் காண்கிறது.

மலைக்காட்டு ஓரத்தில் மேயும் மாட்டில் ஏறக்கூடிய மற்ற உண்ணிகளின் நடத்தை வேறு. ஹீமஃபைசாலிஸ் வகைகளும் ரைப்பிசெபாலஸ் ஹீமஃபைசலாய்டஸும் மூன்று ஓம்புயிரி உண்ணிகள். ஒவ்வொரு பருவம் முடிந்ததும் தரையில் இறங்கி, அடுத்ததற்கு வேறோர் உடலைத் தேடும். மாட்டின் மேல் டெல்டாமெத்ரின் தெளித்தால் மைக்ரோபிளஸின் எல்லாப் பருவமும் மருந்துக்குள் வரும், அது மருந்தை எதிர்க்கப் பழகியிராவிட்டால். அந்த எதிர்ப்பு இந்தியாவில் பல இடங்களில் பதிவாகிவிட்டது. மூன்று ஓம்புயிரி உண்ணிக்கோ பாதி வாழ்க்கை புதருக்கடியில் நடக்கிறது. பெயர் தெரியாமல் மருந்தடிப்பது குறி பார்க்காமல் கல்லெறிவது.

உண்ணிச்செடி என்று நாம் அழைக்கும் லாண்டனா தமிழக மலைகளில் புதராக மண்டிக் கிடக்கிறது. அந்த இலையை வேப்பிலை, பூண்டு, வசம்பு, மஞ்சள், துளசியோடு அரைத்துத் தெளிப்பது தேசியப் பால்வள வாரியம் பரப்பும் மரபுவழி மருத்துவக் குறிப்பு. இதையும் எந்த உண்ணிக்குக் கேட்கிறது, எதற்குக் கேட்கவில்லை என்று பிரித்துப் பார்த்தால்தான் அதன் மதிப்பு விளங்கும்.

பிரித்தறிய வேண்டிய அடையாளங்கள் ஒரு கைலென்சுக்குள் அடங்குபவைதான். குட்டையான வாய்ப்பகுதியும் அறுகோண அடியும் இருந்தால் ரைப்பிசெபாலஸ். வாய் நீண்டு, கால்களில் வெளிர் வளையங்கள் இருந்தால் பெரும்பாலும் ஹயலோமா. கண்ணில்லாமல், வாயோர உணர்கொம்புகள் பக்கவாட்டில் புடைத்திருந்தால் பெரும்பாலும் ஹீமஃபைசாலிஸ். மைக்ரோபிளஸையும் அனுலேட்டஸையும் பிரிக்க ஆண் உண்ணி கட்டாயம் வேண்டும்: முன்னதன் பின்முனையில் சிறு வால் நீட்சி உண்டு, பின்னதற்கு இல்லை. மாதிரிக் குப்பியில் 70 சதவீத ஆல்கஹாலோடு தேதி, ஊர், கடல்மட்ட உயரம், மாட்டின் இனம், எடுத்த உறுப்பு, மாடு எந்தச் சந்தையில் எப்போது வாங்கப்பட்டது என்ற விவரங்களும் போக வேண்டும். கறவைக்காரியின் கொட்டாங்குச்சியில் சேர்பவை பெரும்பாலும் உப்பிய பெண் உண்ணிகளே. தவிட்டு உமியளவு ஆண், பெண்ணின் வயிற்றடியில் ஒட்டிக்கிடந்து, அதைப் பிடுங்கும்போது மாட்டுத் தோலிலேயே தங்கிவிடும். மாதிரி எடுப்பவர் பிடுங்கிய இடத்தை இன்னொரு முறை விரலால் துழாவிப் பார்க்க வேண்டும்.