தம்போய் என்பது ஒரு பழம்

"இப்படியே கத்துனா ஒன்னத் தம்போய்ல கொண்டுபோய் விட்டுருவேன்" என்பார் அம்மா. மலேசியாவின் மூவாரில் வளர்ந்த எங்களுக்குத் தம்போய் ஊராகத் தெரியுமுன் மிரட்டலாகத்தான் தெரியும். ஜொகூர் பாருவை ஒட்டிய அந்த ஊரில்தான் பெர்மாய் மனநல மருத்துவமனை இருக்கிறது. பேராக்காரர்களுக்கு இதே மிரட்டல் தஞ்சோங் ரம்புத்தான். அங்கே மருத்துவமனை திறந்தது 1911இல். சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம், இலங்கையில் அங்கொடை.

தம்போய் உண்மையில் ஒரு காட்டுப் பழம். தடித்த தோலை அழுத்திப் பிளந்தால் உள்ளே சுளைசுளையாக, இனிப்பும் புளிப்புமாக இருக்கும். ரம்புத்தானைச் சொல்லவே வேண்டாம். தின்னத் தித்திக்கும் இரண்டு பழங்களின் பெயரை வசையாக்கி வைத்திருக்கிறோம்.

இந்த ஊர்ப்பெயர்களுக்கு முன்பே நம்மிடம் இருந்த சொல் பைத்தியம். பித்து, பித்தன், பைத்தியம் எல்லாவற்றுக்கும் வேர் பித்தம். வாதம், பித்தம், கபம் என்று உடம்பைக் கணக்கிட்ட வைத்தியர், பித்தம் தலைக்கேறிவிட்டது என்றார். கிரேக்கர்களின் மெலங்கோலியாவுக்கும் கரும்பித்தம் என்றே பொருள். இந்தச் சொல்லில் ஒரு கருணை இருந்தது என்பேன். ஏறிய பித்தம் இறங்கவும் செய்யும் அல்லவா? சுந்தரர் சிவனையே பித்தன் என்றார். சொ. விருத்தாசலம் அதைப் புனைபெயரில் சேர்த்துப் புதுமைப்பித்தன் ஆனார். ஊர்ப்பெயரில் அந்த இறக்கம் கிடையாது. சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரையும் "தம்போய் போய்ட்டு வந்தவரு" என்றுதான் சாகும்வரை சொல்கிறார்கள்.

நவீனத் தமிழ்ப் புனைகதை மனநோய்க்கு வேறு பெயர் தேடியது. எம். வி. வெங்கட்ராம் தாம் அனுபவித்த வதையையே நாவலாக்கி, அதற்குக் 'காதுகள்' என்று பெயரிட்டார். அதன் நாயகன் மகாலிங்கத்தின் காதுக்குள் குரல்கள் ஓயாமல் பேசுகின்றன, ஏசுகின்றன. பக்கத்தில் இருப்பவருக்கு எதுவும் கேட்பதில்லை. படிக்கும் நமக்குக் கேட்கிறது. அந்நாவலுக்கு 1993இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. கோபிகிருஷ்ணன் தம் நூலுக்கு இட்ட பெயர் 'உள்ளேயிருந்து சில குரல்கள்'. இரண்டு தலைப்பிலும் பைத்தியம் என்ற சொல் இல்லை, ஊர்ப்பெயரும் இல்லை. ஒன்றில் காது, மற்றதில் குரல். வெளியே நின்று சுட்டிய விரலை மடக்கிவிட்டு, உள்ளே போய் உட்கார்ந்து எழுதியவர்கள் இவர்கள். என்னைக் கேட்டால் இந்த நோய்க்குத் தமிழில் கிடைத்த மிகச் சரியான பெயர் 'காதுகள்'தான்.

மூவார்த் தாய்மார்களே, பிள்ளையை மிரட்ட வேறு சொல் பாருங்கள். தம்போயைப் பழத்துக்கே விட்டுவிடுங்கள்.