கேரளக் கிரந்தசாலை இயக்கமும் இளைஞர் பொதுவாழ்வும்

இளைஞர்தம் படைப்பாற்றலையும் ஊர்ப் பொதுவாழ்வில் அவர்தம் பங்கேற்பையும் ஒருசேர வளர்த்த இந்திய அமைப்புகளுள் கேரளத்தின் கிரந்தசாலை இயக்கம் தனித்துக் கருதத்தக்கது. அதனை வெறும் நூலக வரலாறாகக் கொள்வது பொருந்தாது என்பதை அதன் கலைச்சொற்களே உணர்த்துகின்றன.

மலையாளத்தில் ஊர் நூலகத்தைச் சுட்ட 'கிரந்தசாலை', 'வாயனசாலை' என்னும் இரு சொற்கள் வழங்குகின்றன. முன்னது நூல்களைத் தொகுத்து வழங்கும் இடம். பின்னது செய்தித்தாள் வாசிக்கவும் கூடிப் பேசவும் உரிய இடம். தமிழின் 'நூலகம்' முன்னதற்கே பொருந்தும். பின்னதற்குப் 'படிப்பகம்' என்பது நெருங்கி வரும். இரண்டையும் 'நூலகம்' என ஒன்றாகப் பெயர்த்தால், கூடிப் பேசுதல் என்னும் கூறு மறைந்துவிடும்.

இயக்கத்தின் தொடக்கமே ஓர் இளைஞரின் முயற்சியாகும். 1909இல் பிறந்த பி. என். பணிக்கர், 1926இல் தம் ஊராகிய நீலம்பேரூரில் ஒரு நூலகத்தை நிறுவினார். 1945இல் அவரது முயற்சியால் 47 ஊர் நூலகங்கள் அம்பலப்புழையில் ஒன்றுகூடித் திருவிதாங்கூர் கிரந்தசாலைச் சங்கத்தை அமைத்தன. அதே ஆண்டில் எழுத்தாளர்களின் கூட்டுறவுப் பதிப்பகமான சாகித்திய பிரவர்த்தக சககரண சங்கம் கோட்டயத்தில் தோன்றியது. எழுதுவோரும் வாசிப்போரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தத்தமக்கென அமைப்புக் கண்டமை குறிப்பிடத்தக்கது. 1956இல் கேரள மாநிலம் உருவானபின் சங்கத்தின் பணி மாநிலம் முழுமைக்கும் விரிந்தது. நாடகம், சொற்பொழிவு, விளையாட்டு, முதியோர் எழுத்தறிவு வகுப்பு ஆகியவை வாயனசாலையின் இயல்பான பணிகளாயின. சிறுவர்க்கெனப் 'பாலவேதி' என்னும் பிரிவும் அமைந்தது. 1975இல் யுனெஸ்கோவின் குரூப்ஸ்காயா பரிசு சங்கத்திற்குக் கிடைத்தது.

'வாயிச்சு வளருக' என்பது இயக்கத்தின் முழக்கம். மலையாளத்தில் 'வாயிக்குக' என்பது வாசித்தலையும் 'படிக்குக' என்பது கல்வி பயிலுதலையும் குறிக்கும். தமிழ்ப் 'படி' இரு பொருளையும் தாங்குவது. ஆதலின் அம்முழக்கத்தைப் 'படித்து வளர்க' எனப் பெயர்த்தால் பள்ளிக் கல்வியை வலியுறுத்தியதாகப் பொருள் திரியக்கூடும். 'வாசித்து வளர்க' என்பதே தகும்; பள்ளிக்கு வெளியே, தேர்வுக்கன்றி நிகழும் வாசிப்பே அங்கு நோக்கம்.

1977இல் சங்கத்தின் நிருவாகத்தை மாநில அரசு ஏற்றது. முப்பத்திரண்டு ஆண்டுகள் செயலாளராயிருந்த பணிக்கர் அப்பொறுப்பினின்று விலகி, அதே ஆண்டில் முறைசாராக் கல்விக்கெனக் 'கான்ஃபெட்' என்னும் அமைப்பைத் தொடங்கினார். தன்னார்வலர் கட்டிய அமைப்பு யாருக்கு உரியது என்னும் வினா இதனால் எழுந்தது. 1989ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு ஓர் இடைவழி கண்டது. வட்டம், மாவட்டம், மாநிலம் என மூன்று நிலைகளில் தேர்தல்வழி அமையும் நூலகக் குழுக்களுக்கு அது வழிவகுத்தது. உள்ளாட்சி வரியுடன் நூலகத் தீர்வையையும் இணைத்தது. நிதிக்கு அரசின் துணையும் நிருவாகத்திற்கு உறுப்பினரின் வாக்கும் என்பது அதன் அடிப்படை. அச்சட்டத்தின் பெயரிலேயே 'கேரள கிரந்தசாலை சங்கம்' என்பது அடைப்புக்குறிக்குள் இடம்பெற்றுள்ளது.

பணிக்கர் 1995 ஜூன் 19 அன்று மறைந்தார். அந்நாள் கேரளத்தில் 'வாயனாதினம்' எனக் கொண்டாடப்படுகிறது. இதனை 'நூலக நாள்' எனப் பெயர்த்தல் பொருந்தாது. 'வாசிப்பு நாள்' என்பதே செயலை முதன்மைப்படுத்தும் நேரிய பெயர்ப்பாகும். கட்டடத்தினும் கூடி வாசிக்கும் மக்களே முதன்மையானவர் என்னும் இயக்கத்தின் கருத்து அச்சொல்லில் எஞ்சி நிற்கிறது எனலாம்.