பிறர் ஏட்டில் வாழும் மாலுமி: டாம் கிரீன்

துருவப் பயணம் போனவர்கள் எழுதச் சளைத்தவர்கள் அல்லர். மை உறைந்துவிடும் குளிரிலும் பென்சிலைப் பிடித்து ஸ்காட் தம் கடைசி நாட்கள் வரை எழுதினார். ஷாக்கிள்டன் எழுதினார்; அவருடைய கப்பல் தலைவர் வோர்ஸ்லி எழுதினார்; செர்ரி-கர்ரார்ட் எழுதிய நூல் பயண இலக்கியத்தின் உச்சங்களில் ஒன்றாக இன்றும் பேசப்படுகிறது. கொதிகலனுக்குக் கரி அள்ளும் பணியில் இருந்த லாஷ்லிகூட நாட்குறிப்பு வைத்திருந்தார். இவர்கள் எல்லோருடைய ஏடுகளிலும் வந்துபோகிற ஒருவர் மட்டும் புத்தகம் எழுதவில்லை, பேட்டி கொடுக்கவில்லை. அவர் கையெழுத்தில் நமக்குக் கிடைப்பவை சில கடிதங்கள்தாம். அவர் பெயர் டாம் கிரீன். பிரிட்டிஷ் கடற்படையில் 27 ஆண்டு பணியாற்றி ஓய்வுபெற்ற ஐரிஷ் மாலுமி.

ஓய்வுபெற்ற கடற்படையினரை நினைவுகூரும் மலரில் தளபதிகளைப் பற்றி எழுதுவதே வழக்கம். படை நடத்தியவர்களுக்கு ஆவணம் உண்டு, உருவப்படம் உண்டு, தன்வரலாறும் உண்டு. கீழ்த்தட்டில் இருந்து உழைத்தவர்களை நேசித்தவர்கள் யார், ஏன் நேசித்தார்கள் என்று தேடப்போனால் கை வெறுமையாகவே திரும்பும். கிரீன் இதற்கு விலக்கு. அவரைப் பற்றி அவர் சொல்லாததை எல்லாம், அவருடன் ஒரே கூடாரத்தில் படுத்தவர்கள் சொல்லிவைத்துப் போயிருக்கிறார்கள்.

அயர்லாந்தின் தென்மேற்கே கெரி மாவட்டத்தில், டிங்கிள் தீபகற்பத்தில் உள்ள அன்னஸ்கால் என்ற சிற்றூருக்கு அருகே 1877இல் பிறந்தார். ஏழை விவசாயக் குடும்பம், வீடு நிறையப் பிள்ளைகள். 1893இல், பதினாறு வயதை ஒட்டிய பருவத்தில், கடற்படையில் சிறுவர் பிரிவில் சேர்ந்தார். அந்தக் காலத்து ஐரிஷ் விவசாயி மகனுக்கு எதிரே இருந்தவை மூன்று வழிகள்: அமெரிக்கா, நிலம், இல்லாவிட்டால் ஆங்கிலேயன் சீருடை. அரசியல் பார்த்துச் சீருடை போட்டவர்கள் சிலரே. வயிறு பார்த்துப் போட்டவர்களே மிகுதி.

1901 டிசம்பரில் அவருடைய கப்பல் நியூசிலாந்தில் நின்றது. தென்துருவம் நோக்கிப் புறப்பட்டிருந்த ஸ்காட்டின் ‘டிஸ்கவரி’ லிட்டில்டன் துறைமுகத்துக்கு வந்தபோது அதிலிருந்த மாலுமி ஒருவர் ஓடிப்போய்விட, காலியான இடத்துக்குக் கிரீன் தாமாகவே பெயர் கொடுத்தார். அதே மாதத்தில் ஏதோ தவறுக்காக அவருடைய பதவி ஒரு படி இறக்கப்பட்டிருக்கிறது. என்ன தவறென்று பதிவேடு சொல்லவில்லை. இன்று அவரைப் புனிதராக்கப் பார்க்கிற பக்தர்களுக்கு இந்த வரி பிடிப்பதில்லை, எனக்கென்னவோ பிடிக்கிறது. மூன்றாண்டு அண்டார்டிக் பணி முடிந்து திரும்பியபோது, ஸ்காட்டின் பரிந்துரையில் முதல்நிலைப் பெட்டி ஆபீசர் ஆனார். பிறகு ஸ்காட் மாறிய கப்பல்களிலெல்லாம் கிரீனும் உடன் மாறினார். 1910இல் ‘டெர்ரா நோவா’ புறப்பட்டபோது முதலில் அழைக்கப்பட்டவர்களில் அவரும் ஒருவர்.

1912 ஜனவரி 4. தென்துருவம் இன்னும் 150 கடல் மைல் தொலைவில் இருந்தது. அங்கேதான் ஸ்காட் கடைசித் துணைக்குழுவைத் திருப்பி அனுப்பினார்: லெப்டினன்ட் டெடி எவன்ஸ், லாஷ்லி, கிரீன். செய்தி சொல்ல ஸ்காட் கூடாரத்துக்குள் நுழைந்தபோது கிரீன் இருமிக்கொண்டிருந்தாராம். உனக்குச் சளி பிடித்திருக்கிறதே என்று ஸ்காட் பேச்சைத் தொடங்க, பாதிப் பாட்டைக் கேட்டாலே எனக்கு முழுப்பாட்டும் விளங்கிவிடும் ஐயா என்ற பொருளில் கிரீன் பதில் சொன்னதாக எவன்ஸ் எழுதியிருக்கிறார். பிரியும் நேரத்தில் கிரீன் அழுதுவிட்டார். இதை ஸ்காட்டே தம் ஏட்டில் குறித்தார். தேர்ந்தெடுத்திருந்தால் பனியில் உயிர்விட்ட குழுவில் அவரும் போயிருப்பார் என்பது நமக்குத் தெரியும். அவருக்கு அப்போது தெரியாது. துருவம் கைநழுவிய துக்கம் மட்டுமே தெரியும்.

திரும்பும் வழி சுமார் 750 மைல். பனிச்சறுக்கு வண்டியை வார் பூட்டித் தாங்களே இழுக்க வேண்டும். வழியில் எவன்ஸுக்கு ஸ்கர்வி கண்டது. முதலில் கால் விறைத்தது, பிறகு நிற்க முடியாமல் போயிற்று. என்னை விட்டுவிட்டுப் போங்கள், இது கட்டளை என்றார் அதிகாரி. மாலுமிகள் இருவரும் கட்டளைக்குப் பணிய மறுத்தார்கள். கடற்படையில் இதற்குத் தண்டனை உண்டு. எவன்ஸ் பிறகு சொல்லிச் சொல்லி மகிழ்ந்த கீழ்ப்படியாமை இது. அவரை வண்டியில் படுக்கவைத்துக் கட்டி இழுத்தார்கள். ஒருநாள் எவன்ஸ் மயங்கிவிழ, இறந்துவிட்டார் என்று எண்ணிக் கிரீன் குனிந்து அழுதார். முகத்தில் விழுந்த அந்தச் சூடான கண்ணீர்தான் தமக்கு நினைவைத் திருப்பியது என்று எவன்ஸ் எழுதிவைத்தார்.

பிப்ரவரி 18ஆம் நாள் இருவராலும் மேற்கொண்டு இழுக்க முடியவில்லை. முகாம் இருந்த ஹட் முனைக்கு 35 மைல் பாக்கி. கையில் இருந்த உணவு ஓரிரு நாளுக்கே போதும். லாஷ்லி நோயாளியைப் பார்த்துக்கொள்ளத் தங்கினார். கிரீன் தனியாக நடந்தார். கூடாரம் இல்லை, படுக்கைப் பை இல்லை, அடுப்பு இல்லை. சட்டைப்பையில் மூன்று பிஸ்கட், இரண்டு துண்டு சாக்லேட். பாதி வழியில் உட்கார்ந்து இரண்டு பிஸ்கட்டையும் சாக்லேட்டையும் தின்றார். மூன்றாவதைத் திருப்பிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இந்தப் பயணத்தில் என் மனம் நின்றுவிடும் இடம் இதுதான். அந்த ஒற்றைப் பிஸ்கட்டில் அவர் போட்ட கணக்கு, நடந்த தூரத்தை விடவும் அவரைக் காட்டுகிறது. பதினெட்டு மணி நேரத்தில் ஹட் முனையை அடைந்து விழுந்தார். அரை மணி நேரத்தில் பனிப்புயல் அடித்தது. அதற்கு முன் அவர் வந்து சேராதிருந்தால் மூவருமே பிழைத்திருக்க முடியாது. அங்கிருந்த மருத்துவர் அட்கின்சனிடம், மீட்புக்குப் போகும்போது தம்மையும் அழைத்துச் செல்லும்படி கெஞ்சினார். அட்கின்சன் மறுத்துவிட்டார். புயல் ஓய்ந்ததும் நாய்வண்டி போய், எவன்ஸையும் லாஷ்லியையும் உயிரோடு கொண்டுவந்தது.

அவ்வாண்டு நவம்பரில் ஸ்காட்டின் கூடாரத்தைக் கண்டுபிடித்த தேடுகுழுவிலும் கிரீன் இருந்தார். தேடுகுழுவில் ஒரே நார்வேக்காரராக இருந்தவர் டிரிக்வே கிரான் என்ற இளைஞர். துருவத்தில் நார்வேக் கொடியைத் தம்மவர்கள் பார்த்திருக்கிறார்கள் என்று ஸ்காட்டின் ஏட்டிலிருந்து தெரியவந்ததும், கிரீன் கிரானிடம் போய் அவர் நாட்டவரின் வெற்றிக்கு வாழ்த்துச் சொன்னார். தலைவரும் தோழர்களும் பிணமாய்க் கிடக்கிற இடத்தில், தோற்கடித்த நாட்டுக்காரன் கையைப் பிடித்து வாழ்த்த எத்தனை பேருக்கு மனம் வரும்? கிரான் அதை மறக்கவில்லை, எழுதினார்.

1913 ஜூலையில் பக்கிங்ஹாம் அரண்மனையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் லாஷ்லிக்கும் கிரீனுக்கும் ஆல்பர்ட் பதக்கம் அளித்தார். உயிர்காத்ததற்காகத் தரப்படுவது அது. எவன்ஸ் பின்னாளில் அட்மிரலானார், பிரபுவானார். 1921இல் அவர் வெளியிட்ட ‘சவுத் வித் ஸ்காட்’ நூலை அன்போடு காணிக்கையாக்கியது லாஷ்லிக்கும் கிரீனுக்கும்தான். அதிகாரி எழுதிய புத்தகத்தின் முதல் பக்கத்தில் மாலுமியின் பெயர் வருவது அக்காலத்தில் அபூர்வம்.

அடுத்துக் கிரீன் போனது ஷாக்கிள்டனின் ‘எண்டியூரன்ஸ்’ கப்பலில். அந்தக் கதையைத் தமிழிலும் பலர் எழுதிவிட்டார்கள், விரிக்க வேண்டியதில்லை. கப்பல் பனியில் சிக்கியது, நசுங்கியது, 1915 நவம்பரில் மூழ்கியது. 28 பேர் படகுகளில் எலிபண்ட் தீவுக்கு வந்தார்கள். அங்கிருந்து உதவி தேடி ஆறு பேர் 22 அடிச் சிறுபடகில் சுமார் 800 மைல் கடலைக் கடந்து தெற்கு ஜார்ஜியா போனார்கள். கிரீனை எலிபண்ட் தீவிலேயே விட்டுப்போகத்தான் ஷாக்கிள்டன் எண்ணியிருந்தார். கிரீன் கேட்டுக் கேட்டு உடன் போனார். அந்தப் படகில் சுக்கான் பிடிக்கும்போதெல்லாம் அவர் பாடுவாராம். என்ன பாட்டு என்று யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று ஷாக்கிள்டனே வேடிக்கையாகக் குறித்திருக்கிறார். பிறகு ஷாக்கிள்டன், வோர்ஸ்லி, கிரீன் மூவரும் பூட்ஸ் அடியில் படகின் திருகாணிகளைப் பதித்து, அதுவரை யாரும் குறுக்கே கடக்காத மலையை 36 மணி நேரத்தில் கடந்து திமிங்கிலத் தொழிற்சாலையை அடைந்தார்கள். 1916 ஆகஸ்ட் 30 அன்று, தீவில் காத்திருந்த 22 பேரும் மீட்கப்பட்டார்கள்.

அந்தப் பயணத்தில் பிராங்க் ஹர்லி எடுத்த படம் ஒன்று உண்டு. கம்பளிச் சட்டையும் வாயில் பைப்புமாகக் கிரீன் நிற்கிறார். இரு கைகளிலும் நாய்க்குட்டிகள். கப்பலில் பிறந்த அந்தக் குட்டிகளை அவரே வளர்த்தார். கப்பல் நசுங்கியபின் நாய்களுக்கு உணவு போதாது என்று ஒவ்வொன்றாகச் சுட்டார்கள். கிரீன் இதை மிகவும் வேதனையோடு ஏற்றார் என்று ஷாக்கிள்டன் எழுதியிருக்கிறார். குட்டிகளில் ஒன்றின் பெயர் டோபி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உலகப் போருக்கு நடுவே திரும்பிவந்தவர் கடற்படையில் தொடர்ந்தார், வாரண்டு அதிகாரியாக உயர்ந்தார். 1917 செப்டம்பரில் சொந்த ஊர்ப்பெண் நெல்லை மணந்தார். 1920 மார்ச் 24 அன்று உடல்நலக் காரணத்தால் ஓய்வு. ஷாக்கிள்டன் அடுத்த பயணத்துக்கு அழைத்தபோது, எனக்கு இப்போது நீளமுடி வைத்த தோழி இருக்கிறாள் என்பதுபோல் சொல்லிச் சிரித்து மறுத்துவிட்டதாக ஊரில் வழங்குகிறது. 1922 தொடக்கத்தில் அதே பயணத்தில் ஷாக்கிள்டன் இறந்தார்.

அவர் ஓய்வுபெற்று ஊர் திரும்பிய அயர்லாந்து, அவர் விட்டுப்போன அயர்லாந்து அன்று. விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது. அவர் ஓய்வுபெற்ற ஒரே மாதத்தில், ஏப்ரல் 25 அன்று, காவல்துறையில் சார்ஜண்டாக இருந்த அவருடைய அண்ணன் கார்னீலியஸ் கார்க் மாவட்டத்தில் பதுங்கியிருந்து தாக்கியவர்களால் சுட்டுக்கொல்லப்பட்டார். ஆங்கிலேயக் கடற்படையில் வாங்கிய பதக்கத்தை மார்பில் குத்திக்கொண்டு தெருவில் நடக்கிற காலமா அது? பதக்கங்கள் பெட்டிக்குள் போயின. அவர் மௌனத்தை வெறும் அடக்கம் என்று புகழ்வது எளிது. அதில் பாதி எச்சரிக்கை என்றே நான் நினைக்கிறேன். நம் ஊரிலும் வெள்ளைக்காரன் பட்டாளத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்கிய தாத்தாக்கள் இருந்தார்கள். திண்ணையில் உட்கார்ந்து மெசபடோமியாக் கதையும் பர்மாக் கதையும் சொல்ல அவர்களுக்கு வாய்ப்பிருந்தது. கிரீனுக்கு அது இல்லை.

1927இல் அன்னஸ்காலில் ஒரு மதுவிடுதி திறந்தார். அதற்கு வைத்த பெயர் ‘சவுத் போல் இன்’. வாயைத் திறக்காத மனிதர், தாம் 150 மைல் தொலைவிலேயே திரும்பிவிட்ட இடத்தின் பெயரைப் பலகையில் எழுதி வாசலில் மாட்டினார்! ஊரார் அவரை ‘டாம் த போல்’ என்று கூப்பிட்டார்கள். துருவக் கதை கேட்டு வருகிறவர்கள் பதில் பெறாமலே போனார்கள். பெற்ற மகள்களிடமே அவர் அவற்றைப் பற்றி அதிகம் பேசியதில்லை.

மகள்கள் மூவர். அவர்களில் காத்தரீன் நோயாளியாகவே வளர்ந்து நான்கு வயதில், 1924இல், இறந்தாள். பனியில் மூன்று முறை உயிர்தப்பிய மனிதருக்கு இதுவே பேரிழப்பு என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் ஒருமுகமாகச் சொல்கிறார்கள். மாலை நேரங்களில் இரு நாய்களோடு கடலோரம் நடந்துபோவார். ஒன்றின் பெயர் ஃபிடோ. மற்றொன்றை டோபி என்று கூப்பிட்டார். நாய்க்குப் பெயர் வைக்கும்போது மட்டும் கொஞ்சம் கசிந்துவிட்டது போலும்.

1938 ஜூலையில் வயிற்றுவலி வந்தது. டிராலி நகர மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். குடல்வால் அழற்சி, ஆனால் அறுவை செய்ய அங்கே மருத்துவர் இல்லை. கார்க் நகருக்குக் கொண்டுபோவதற்குள் குடல்வால் வெடித்துவிட்டது. ஜூலை 27 அன்று இறந்தார். பல்லினகோர்ட்டியில் தம் கையாலேயே கட்டிவைத்திருந்த குடும்பக் கல்லறையில் அடக்கம் நடந்தது. 35 மைல் நடந்து ஒருவருக்கு மருத்துவரைக் கொண்டுவந்தவருக்கு, வேண்டிய நேரத்தில் மருத்துவர் வாய்க்கவில்லை என்ற நினைப்பு இதைப் படிக்கும் எவருக்கும் வராமல் போகாது.

மைக்கேல் ஸ்மித் எழுதிய முதல் முழு வரலாறு 2000இல்தான் வந்தது. 2003இல் விடுதிக்கு எதிரே சிலை வைத்தார்கள். சிற்பி ஹர்லியின் அந்தப் படத்தை ஒட்டி நாய்க்குட்டிகளோடு வடித்திருக்கிறார். பெட்டியில் கிடந்த பதக்கங்கள் டிராலி அருங்காட்சியகத்துக்கு வந்தன. 2022இல் ஐரிஷ் அரசின் புதிய கடல் ஆய்வுக் கப்பலுக்கு ‘டாம் கிரீன்’ என்று பெயர் சூட்டப்பட்டது. மீன்வளக் கணக்கெடுப்புக்கும் கடலடித் தள ஆய்வுக்கும், அட்லாண்டிக்கில் மிதக்கும் வானிலைக் கருவிகளைப் பழுதுபார்க்கவும் அது இன்று போய்வந்துகொண்டிருக்கிறது.