காளையார்கோவில் கண்மாய்கள்

கானப்பேர் என்ற பழம்பெயர் கொண்ட காளையார்கோவிலுக்கு வற்றாத ஆறு கிடையாது. வடகிழக்குப் பருவமழையே கதி. அது ஓராண்டு கொட்டும், மறு ஆண்டு ஏமாற்றும். அதனால் பாசனத்துக்குக் கண்மாய், குடிக்க ஊருணி என்று ஊர் பிரித்துக்கொண்டது. மேல் கண்மாய் நிறைந்தால் நீர் கலுங்கு வழியே கீழ்க் கண்மாய்க்கு இறங்கும். மடையைத் திறந்து, முறை பிசகாமல் வயலுக்கு வயல் தண்ணீர் விடுபவர் நீர்பாய்ச்சி. கூலி நெல்லாகவே வரும். கரையையும் வரத்துக்காலையும் குடிமராமத்தில் ஊரே செப்பனிட்டது.

நுட்பமான ஏற்பாடுதான், ஆனால் அடுத்தடுத்துப் பருவம் பொய்த்தால் எந்தக் கண்மாயும் தாங்காது. 1876–78 தாது வருஷப் பஞ்சம் அதைக் காட்டியது. 1895இல் பெரியாற்று நீர் வைகைப் பக்கம் திரும்பியபோதும், பெரும்பங்கு மதுரைச் சீமைக்கே பாய்ந்தது. காளையார்கோவில் வட்டாரத்தின் பெரும்பகுதி வானம் பார்த்த பூமியாகவே நீடித்தது.