ஒரு பக்கம் நீளமான கார்

1980களில் ஒரு நாள் மாலை, முத்தியால்பேட்டையில் பட்டறை வைத்திருந்த மேஸ்திரி ஒருவர் எனக்கு ஆள் அனுப்பினார். பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவர் உடனே வர வேண்டுமாம்.

போய்ப் பார்த்தால் ஒரு பழைய ரெனோ 4 நின்றிருந்தது. பிரான்சிலிருந்து வந்து புதுச்சேரியில் வேலை பார்த்த ஒருவருடையது. ஏதோ ஒரு கல்லில் மோதியதிலிருந்து வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது, முன் டயர்கள் ஓரத்தில் தேய்கின்றன என்பது புகார்.

மேஸ்திரி முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை இரு பக்கமும் டேப் பிடித்து அளந்திருந்தார். அம்பாசிடரிலும் பியட்டிலும் இந்த இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அச்சு நகர்ந்திருக்கிறது, அல்லது சேஸ் கோணியிருக்கிறது. இந்த வண்டியிலோ ஒரு பக்கம் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் அதிகம்!

"சேஸே கோணிப்போச்சு சார். நாளைக்குச் சங்கிலி போட்டு இழுத்துடலாம்னு இருக்கேன். அதுக்கு முன்னாடி புத்தகத்துல என்ன போட்டிருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

வண்டியோடு வந்த கையேட்டைப் புரட்டினேன். 'அம்பாத்மான்' என்ற சொல்லுக்கு எதிரே, அதாவது முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரத்துக்கு, வலப்பக்கம், இடப்பக்கம் என்று இரண்டு எண்கள் தனித்தனியாக அச்சாகியிருந்தன. வித்தியாசம் 48 மில்லிமீட்டர். வண்டி பிறந்ததே அப்படித்தான்!

ஏன் அப்படிச் செய்தார்கள்? 1945இல் அரசுடைமையான ரெனோ நிறுவனத்துக்குப் பின்னாளில் பியர் ட்ரெய்ஃபுஸ் தலைவராக இருந்தார். கிராமத்து விவசாயிக்கும் நகரத்துக் குடும்பத்துக்கும் ஒரே வண்டி பயன்பட வேண்டும் என்பது அவர் எண்ணம். சித்ரோயன் 2சிவி அதற்கு முன்பே அந்த வழியில் வெற்றி கண்டிருந்தது. ரெனோ 4 வெளிவந்தது 1961இல். ரெனோவின் முன் சக்கர இழுவைக் கார்களில் இதுவே முதல். பின்னால் சாமான் வைக்கும் தளம் சமமாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பட்டை ஸ்பிரிங்கை விட்டுவிட்டு, முறுக்கினால் திரும்பி நிமிரும் எஃகுக் கம்பிகளை, அதாவது டார்ஷன் பாரை, தளத்துக்கு அடியில் குறுக்காக வைத்தார்கள். ஒவ்வொரு பின் சக்கரத்துக்கும் ஒரு கம்பி. கம்பி நீளமாக இருந்தால்தான் சவாரி மெதுவாக இருக்கும். வண்டியின் அகலம் முழுவதையும் ஒரு கம்பியே எடுத்துக்கொண்டால், இன்னொன்றை அதற்குப் பின்னால்தான் வைக்க முடியும். அதனால் ஒரு சக்கரமும் சற்றுப் பின்னால் போயிற்று. பின்னர் வந்த ரெனோ 16, ரெனோ 5 ஆகியவற்றிலும் இதே ஏற்பாடுதான்.

சரி, வண்டி ஏன் இழுக்கிறது? மேஸ்திரி இந்தத் தடவை சக்கரத்தை விட்டுவிட்டுத் தளத்தை அளந்தார். இரு பக்கமும் ஒரே இடத்தில் இருக்கும் போல்ட்டுகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, தரையில் சாக்கட்டியால் குறித்துக்கொண்டார். வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு, குறிகளைக் குறுக்குக்கோட்டில் இரண்டு வாட்டமும் அளந்தார். இரண்டும் ஒன்றாக இருந்தன. சேஸில் பழுது இல்லை.

பிறகு முன் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரத்தைச் சக்கரத்தின் முன்பக்கமும் பின்பக்கமும் அளந்தபோது பிசகு தெரிந்தது. ஸ்டியரிங்கின் டை ராட் ஒன்று மோதலில் வளைந்திருந்தது. அதைச் சூடுகாட்டி நிமிர்த்த மேஸ்திரி சம்மதிக்கவில்லை, "ஓடும்போது ஒடிஞ்சா ஆள் போயிடும் சார்" என்றார். ஊருக்குப் போய்வந்த உரிமையாளரே புது ராட் ஒன்று கொண்டுவந்தார். அதை மாட்டி, சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்ததும் வண்டி நேராக ஓடியது.

உலகெங்கும் தயாரான இந்த வண்டிகள் 80 லட்சத்துக்கும் மேல். அவற்றில் ஒன்றைச் சங்கிலி போட்டு இழுத்து, 'நேராக்குகிறோம்' என்று நாங்களே கோணலாக்கியிருப்போம். பழைய கார் வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். இழுப்பதற்கு முன், அந்த வண்டி புதிதாக இருந்தபோது என்ன அளவு என்று முதலில் பாருங்கள்.