தசைநார்

எலும்போடு எலும்பை மூட்டில் கட்டி வைக்கும் நார்த்திசு. மருத்துவர் வாயில் இது லிகமென்ட். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் ஆலைகளின் ஷிப்ட் பஸ்ஸில் ‘ஜவ்வு’. தசையை எலும்போடு சேர்க்கும் தசைநாண் வேறு.

நீர் போக மிஞ்சுவதில் பெரும்பகுதி கொலாஜன் புரதம். ஓய்வில் இதன் இழைகள் நெளிநெளியாக இருக்கும். மூட்டு அசையும்போது முதலில் நெளிவு நிமிரும். அதுவரை நார் விட்டுக்கொடுக்கும். நெளிவு தீர்ந்ததும் விறைத்துக்கொண்டு, எலும்பு எல்லை தாண்டாமல் பிடித்து நிறுத்தும். ரத்த ஓட்டம் குறைவு என்பதால் காயம் ஆற மாதக்கணக்காகும்.

சுசுருத சம்ஹிதை ஸ்நாயுக்களை நான்கு வகையாக்கி, உடலில் 900 என்று கணக்குச் சொன்னது. இன்றைய தசைநாரும் தசைநாணும் அந்தக் கணக்கில் கலந்தே கிடக்கின்றன. முழங்காலின் சிலுவைத் தசைநார்களை அறுத்தால் மூட்டு முன்பின்னாக நழுவுவதை 1836இல் ஜெர்மனியின் வெபர் சகோதரர்கள் விளக்கினர். 1895இல் இங்கிலாந்தின் லீட்ஸில் மேயோ ராப்சன் கிழிந்த சிலுவைத் தசைநார்களை முதன்முதலாகத் தைத்தார். நோயாளி, மண் சரிந்து அடிபட்ட ஒரு சுரங்கத் தொழிலாளி. தைத்தது போதாது என்று 1917இல் ஹே குரோவ்ஸ் தொடையின் பக்கவாட்டிலிருந்து நார்ப்பட்டை எடுத்துப் புதிதாகவே பொருத்தினார். பைக் சறுக்கி ‘ஏசிஎல்’ என்னும் முன் சிலுவைத் தசைநார் கிழிந்து வருபவருக்கு இன்று நுண்துளை வழியே நடப்பது இதன் வளர்ந்த வடிவம்தான்.

ஆக, எழுதப்பட்ட வரலாறு பெரும்பாலும் கிழிவின் வரலாறு. ஆனால் ஆலை வேலையோடு நெருங்கிய உறவு தளர்வுக்கு. கோணலான உடல்நிலையும் முரட்டு அசைவும் தொழிலாளரைக் கெடுக்கின்றன என்று இத்தாலிய மருத்துவர் ரமாஸினி 1700லேயே எழுதிவிட்டார். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் என்று கார் ஆலைகள் வந்தபின் இந்த வட்டாரத்துக்கும் அது சொந்தப் பிரச்சினை. எந்தக் கார் லைனானாலும் கார்க்கூட்டுக்குள் இடுப்பை வளைத்து வயரைப் பொருத்தவும், அதிரும் கருவியால் நட்டு முடுக்கவும் ஆள் வேண்டும். அதிர்வும் அழுத்திப் பிடிப்பதும் தொடர்ந்தால் மணிக்கட்டின் குறுக்குத் தசைநாருக்கு அடியில் இடம் நெருங்கி நரம்பு நசுங்கலாம்; விரல் மரத்துப்போகும். முற்றினால் அந்தத் தசைநாரையே அறுத்துவிடுவதுதான் வைத்தியம்.

குனிந்தே இருக்கும் முதுகில் தசைநார் அறுவதில்லை, மெல்ல நீள்கிறது. கனடாவில் மெக்கில், பிரவுன் இருவரும் 1992இல் வெளியிட்ட ஆய்வில், 20 நிமிடம் முழுக்கக் குனிந்து உட்கார்ந்தவர்களின் முதுகு 2 நிமிடத்தில் பாதி விறைப்பை மீட்டது. அரைமணி கழித்தும் தளர்வு கொஞ்சம் மிச்சமிருந்தது. அதே அரைமணியைத்தான் இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமும் ஓய்வுக்கு வைத்தது: 5 மணி நேர வேலைக்குக் குறைந்தது அவ்வளவு.